வெயில் பட்டால் சுடும் களை

பிரித்தானியாவில் கடையோ பண்டகசாலையோ நடத்தும் நம்மவர் முன்வாசலைப் பளிச்சென்று வைத்திருப்பார்கள். பின்வேலியோரம் கண் போவதில்லை. பக்கத்தில் ஓடை ஓடினால் அங்கே ஜயன்ட் ஹாக்வீட் முளைக்கக்கூடும். 19-ஆம் நூற்றாண்டில் காக்கசஸ் பகுதியிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. நமது கொத்தமல்லியின் குடும்பம்தான். பூவும் கொத்தமல்லிப் பூவைப் பன்மடங்கு பெருக்கினாற்போல் இருக்கும். தண்டில் ஊதாப் புள்ளிகள். 10 அடிக்கு மேலும் வளரும்.

இதன் சாறு பட்டவுடன் எரிவதில்லை. அந்த இடத்தில் வெயில் பட்ட பின்பே, ஓரிரு நாளில், தீப்புண்போல் கொப்புளிக்கும். டாக்டரிடம் வருபவருக்கு அதற்குள் செடியே மறந்திருக்கும். தழும்பின் கருமை மாதக்கணக்கில் நிற்கும். கறுத்த தோலுக்கு ஒன்றும் செய்யாது என்பது வீண் நம்பிக்கை.

சனிக்கிழமை வேலைக்கு வரும் மாணவனிடம் ஸ்ட்ரிம்மரைக் கொடுத்து "அடித்துத் தள்ளு தம்பி" என்பதுதான் பெரும் பிழை. சாறு முகமெங்கும் தெறிக்கும். உடல் மூடிய உடையும் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பூக்குமுன் மண்ணுக்குள் 10 செ.மீ.க்குக் கீழே வேரை வெட்டவேண்டும். விதை மண்ணில் சில வருடம் உயிரோடிருப்பதால் அடுத்த வசந்தத்திலும் பார்க்கவேண்டும்.

சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, 48 மணி நேரமாவது வெயில் படாமல் மூடிவைக்கவேண்டும். கண்ணில் பட்டால் நன்றாகக் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.