சம்பளம் இல்லாத வேலை! அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு எவ்வளவு நஷ்டம்?

சாம்பாரில் இரண்டாவது தடவையும் உப்பைப் போட்டு விட்டார், அம்மா. "வயசாச்சு, மறதி" என்று சிரித்தார்கள், வீட்டில்.

ஒரு நாள் பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. தேடி அழைத்து வந்தார்கள். 30 வருடம் நடந்த கள்ளிக்குப்பம் தெரு அவருக்குப் புதுத் தெருவாகி விட்டது!

டாக்டர் பார்த்தார். ரத்தம் சோதித்தார். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு இவற்றாலும் மறதி வரும், மருந்தில் சரியாகும். இது அது அல்ல. "டிமென்ஷியா" என்றார். மூளை நாளுக்கு நாள் நலியும் மறதி நோய்.

அன்று இரவே கேள்வி பிறந்தது: அம்மாவை யார் பார்ப்பது?

மகள்தான். வேறு யார்?

வேலை போயிற்று!

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் கணக்கு கற்பனை அல்ல.

மகளுக்குப் பக்கத்திலேயே, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் மாதம் 12 ஆயிரம் ரூபாய். 8 வருட சர்வீஸ். வேலையை விடுகிறார்.

வருடச் சம்பளம் 1,44,000 ரூபாய் போயிற்று. வருங்கால வைப்பு நிதிக்குக் கம்பெனி கட்டும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு 17,280 ரூபாய். அதுவும் போயிற்று. ஆக, வருடத்துக்கு 1,61,280 ரூபாய். ஐந்து வருடத்தில் 8 லட்சத்தைத் தாண்டுகிறது. போனசும் சம்பள உயர்வும் இதில் சேரவில்லை!

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், மகளை நம்பி வாழும் தாயாருக்கும் அதில் வைத்தியம் உண்டு. வேலை போனால் சில மாதங்களில் அதுவும் நின்று விடும். யாருக்காக வேலையை விட்டாரோ, அவருடைய வைத்தியமே போகிறது!

இன்னொன்று. வைப்பு நிதி பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். 8 வருடத்தில் நின்றவருக்கு மாதப் பென்ஷன் இல்லை. ஆகவே பென்ஷன் பணத்தை அவசரப்பட்டு எடுத்து விடாதீர்கள். "ஸ்கீம் சர்டிபிகேட்" கேட்டு வாங்குங்கள். பின்னால் வேறு கம்பெனியில் சேர்ந்தால், இந்த 8 வருடமும் கணக்கில் சேரும்.

பாதிக்கு மேல் வீட்டார் உழைப்பு

2010-இல் வெளியான இந்திய மறதி நோய் அறிக்கை, அப்போது நம் நாட்டில் 37 லட்சம் நோயாளிகள் என்றது. அவர்களுக்காக நாட்டுக்கு ஆகும் செலவு வருடம் சுமார் 14,700 கோடி ரூபாய். இதில் பாதிக்கு மேல் மருந்தும் அல்ல, ஆஸ்பத்திரியும் அல்ல. வீட்டார் கூலியில்லாமல் செய்யும் உழைப்பு!

2023-இல் வந்த ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்று மதிப்பிட்டது.

உலகம் முழுவதும் இதே கதைதான். குடும்பத்தார் நாளுக்குச் சராசரி 5 மணி நேரம் பார்த்துக்கொள்கிறார்கள் என்கிறது, உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் 100-க்கு 70 பங்கு பெண்களுடையது.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி கதவைத் திறந்து வெளியே போகாமல் காவல் இருப்பது - இதற்கெல்லாம் ரசீது உண்டா? அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

அண்ணன் சொல்வது

ஓசூரிலிருந்து அண்ணன் மாதம் 2 ஆயிரம் அனுப்புகிறார். "உனக்குத்தான் வேலை இல்லையே தங்கச்சி, நீயே பாத்துக்கோ" என்கிறார். வேலை ஏன் இல்லை என்பதை மட்டும் மறந்து விட்டார். மறதி அம்மாவுக்கு மட்டும் இல்லை போலும்!

ஒரு நோட்டுப் போடுங்கள். யார் எத்தனை மணி நேரம் பார்த்தார், எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு மாதம் எழுதுங்கள். பிறகு அண்ணன் தம்பிகளைக் கூட்டி, நடுவில் வையுங்கள். பேச்சு மாறும்.

வேலையை விடும் முன் விசாரிக்க வேண்டிய இடமும் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அண்ணாநகர் மேற்கு விரிவில் இருக்கிறது. மறதி நோய்க்கென்று அங்கே தனிப் பிரிவு நடத்துகிறார்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் உண்டு.

அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை: தபால் ஆபீசில் தன் பெயரில் பி.பி.எப். கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள், தங்கையை. வருடம் 500 ரூபாய் இருந்தாலே போதும். கம்பெனி கட்டிய அந்த 1,440 ரூபாயை இனி மாதாமாதம் நீங்கள் கட்டுங்கள்.