வாங்காமையும் வாய்ப்பூட்டும்

'புறக்கணிப்பு' என்னும் சொல்லைப் பிரித்து நோக்கின், ஒருவரைப் புறத்தே வைத்து எண்ணுதல் என்னும் பொருள் புலனாகும். முன்னாளில் இதனையே 'பகிஷ்காரம்' என்று வழங்கினோம். ஆங்கிலத்தார் வழங்கும் சொல்லோ ஒரு மனிதரின் பெயராகும். 1880ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், நிலக்கிழார் ஒருவரின் முகவராயிருந்த கப்டன் பாய்காட் என்பார் குத்தகைக் குடிகளை வெளியேற்ற முற்பட்டார். ஊரார் அவருக்கு அறுவடை செய்ய மறுத்தனர்; கடைக்காரரும் அவருக்குப் பண்டம் விற்க மறுத்தனர். அவர் பெயரே அச்செயலுக்கும் பெயராயிற்று.

பெயர் தோன்றுமுன்னரே வழக்கம் இருந்தது. 1791இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் மசோதாவைத் தள்ளிவிட்டபோது, அந்நாட்டுக் குடும்பங்கள் பல, அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்குவதைக் கைவிட்டன. வாக்குரிமை அற்றிருந்த பெண்டிர் தம் கருத்தைத் தேநீர்க் கிண்ணத்தின் வாயிலாக உரைத்தனர். ஆதலின் வாங்காமையும் ஒருவகைப் பேச்சேயாகும். எனினும், பேச்சாகிய இதுவே பிறர் வாயைப் பூட்டும் திறவுகோலாகவும் மாறக்கூடுமன்றோ? அந்த எல்லை யாது என்பதே நம் ஆராய்ச்சி.

மலையகத்தில் கடைக்கும் பேச்சுக்கும் உள்ள உறவு பழைமையானது. தோட்டங்கள் தனியார் நிலமாயிருந்த காலத்தில், துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் லயங்களை அணுக இயலாது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தொழிலாளரின் நிலையைக் கண்டறியத் துணி வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது வரலாறு. சொல்லுக்கு அடைத்த கதவு துணிமூட்டைக்குத் திறந்தது. பின்னர் அவர் 'தேசபக்தன்' இதழை நடத்தியதும், 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்ததும், அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் நடுவே பாடிப் பரப்புரை செய்ததும் யாவரும் அறிந்தவையே. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசிய ஆஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டிலை நாடுகடத்த ஆளுநர் ஆணையிட்டார். அவ்வாணை செல்லாதென்று உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அவரை விடுவித்தது. வாய்ப்பூட்டின் கொடுமையை இம்மலைநாட்டார்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த கொடிய குண்டுவெடிப்புகளின் பின், முஸ்லிம் கடைகளில் ஒன்றும் வாங்காதீர் என்னும் அறைகூவல் நாடெங்கும் பரவியது. கண்டி அஸ்கிரிய பீடத்து மகாநாயக்கரின் உரையொன்றிலும் அது ஒலித்தது. அவ்வாண்டு ஜூனில் வென்னப்புவப் பிரதேச சபைத் தலைவர், தங்கொட்டுவ வாரச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளுக்கு இடமில்லை என்று கடிதமே எழுதிவிட்டார். மாரவில நீதிமன்றம் தலையிட்டு அத்தடையை நீக்கியது.

இந்நிகழ்ச்சிகளை ஒன்றாகக் கருதுதல் தவறு. ஒருவன் தன் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுதல் அவன் உரிமை. பிறரையும் அவ்வாறு செய்யத் தூண்டுதல் பேச்சு. அது தீய பேச்சாயினும், மறுத்துரைக்க நமக்கும் வாய் உண்டு. ஆனால் சந்தையின் வாயிலை அதிகாரத்தால் அடைத்தல் பேச்சன்று. கடைக்குத் தீயிடுதல் எவ்வாற்றானும் பேச்சன்று. முன்னவற்றைச் சொல்லால் எதிர்க்கவேண்டும். பின்னவற்றைச் சட்டத்தால் தடுக்கவேண்டும்.

அங்ஙனமாயின் தீய பேச்சையும் சட்டத்தாலேயே அடக்கலாகாதோ என்று சிலர் வினவுவர். இன, சமயப் பகைமையைத் தூண்டுவோர்க்கெதிராக 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. 2019இல் அச்சட்டத்தின் கீழ்ச் சிறையிருந்தோருள் ஒருவர் சக்திக சத்குமார என்னும் சிங்களச் சிறுகதையாசிரியர். ஒரு கதை எழுதியமைக்காக ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் விளக்கமறியலில் இருந்தார். வலியோரை அடக்க வடித்த வாள் எழுத்தாளனின் கழுத்தை நாடியது. ஆதலின் பேச்சை அடக்கும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைக்குமுன் பன்முறை எண்ணுதல் வேண்டும்.

வாங்காமை அறமாவது எப்போது? கடைக்காரர் செய்த வினைக்காக விலகுதல் தகும்: கள்ள நிறை, கலப்படம், வேலையாளின் கூலியைப் பறித்தல் ஆகியன போல்வன. அவர் சொன்ன சொல்லுக்காக விலக நேரின், காரணத்தை அவர் முகத்துக்கு நேரே உரைத்தல் வேண்டும். அவர் மறுமொழி கூறவும் திருந்தவும் இடமிருத்தல் வேண்டும். அவரது பிறப்புக்காகவும் வழிபாட்டுக்காகவும் விலகுதல் எஞ்ஞான்றும் தகாது. வினையை மாற்றலாம், சொல்லை மீளப்பெறலாம், பிறப்பை யாது செய்வது? திருந்த வழியில்லாத குற்றச்சாட்டு நீதியின்பாற்படாது. வாணிகர்க்குரிய அறத்தை வள்ளுவர் 'நடுவு நிலைமை' அதிகாரத்திலேயே வைத்தார். வாங்குவார்க்கும் அந்நடுவு நிலைமை உரியதன்றோ?

இன்னும் ஒன்று எண்ணத்தக்கது. விலகுவார் ஒருவராக, இழப்பார் வேறொருவராதல் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் துயரை நினைந்து கடல்கடந்த நாட்டார் நம் தேயிலையை அடியோடு விட்டொழிப்பின், கம்பனியின் கணக்கில் ஒரு வரி குறையும். அப்பெண்ணுக்கோ பேர் விழாது. அரைப்பேருக்காக மலை ஏறுபவள் முழு நாளையும் இழப்பாள். அத்தொழிலாளி இரங்குவோரிடம் வேண்டுவது யாது என்று அவளையே கேட்டபின் விலகுதலே முறை.

அவ்வாறே லயத்துக் குடும்பம் பலவற்றுக்குக் கடையைத் தெரிந்தெடுக்கும் உரிமையும் பெயரளவே. கடன் கொப்பியில் கணக்கு நிற்கும்வரை, வேறு கடையின் படியேறுதல் எளிதன்று. மாதக் கடைசியில் அரிசியும் மாவும் கடனாகத் தருபவர் எம்மதத்தவர் என்று அக்கொப்பி வினவுவதில்லை. அவர் கடையை மூடச் செய்யும் அறைகூவல், அவரை மட்டுமோ வருத்தும்? அடுப்பெரிய அவரை நம்பியிருக்கும் ஏழையையும் சேர்த்தே வருத்தும்.

விலகும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. பறிக்கப்பட்ட காலத்தில் அதன் அருமையை அறிந்தவர் நாம். ஆயினும் ஒருவரைப் புறத்தே வைத்து எண்ணுமுன், அவர் செய்தது யாது, நம் விலகலால் வருந்துவார் யார், அவர் மீண்டு அகத்தே வர வழி உண்டோ என்னும் மூன்றையும் அன்பர்கள் தம் நெஞ்சை வினவிக்கொள்வார்களாக. மூன்றுக்கும் நேரிய விடை கிடைப்பின் துணிந்து விலகலாம். கிடையாவிடின், காசைக் கொடுத்துப் பண்டத்தையும் வாங்கி, கருத்து வேறுபாட்டைக் கடைவாயிலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டு வருதலே மேலாம்.