சத்தம் வரவில்லையா? முதலில் செய்தி வருகிறதா என்று பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் கெடா மாநிலம் சுங்கை லாலாங் வட்டாரத்தைச் சேர்ந்தவன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் கைமாறிய பின் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அந்தத் தலைமுறைப் பெண்களின் நினைவில் தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. பாடுகிறவர் போனால் பாட்டும் போய்விடும்.

என் அத்தைக்கு வயது எண்பதை நெருங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்து வந்து, தாலாட்டு ஒன்றைக் கணினியில் பதிவு செய்ய உட்கார்ந்தோம். கீபோர்டில் சுருதி கொடுக்கலாம் என்று கட்டையை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கியைத் திருகினேன், கணினியை அணைத்துப் போட்டேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன். இரண்டு மணி நேரம் போய்விட்டது. "பரவாயில்லப்பா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அத்தை எழுந்துவிட்டார். மறுநாள் ஒரு கடையில் கேட்டால், "கீபோர்டு பழசு, புதுசு வாங்குங்க" என்றார்கள்.

கோளாறு கீபோர்டில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இன்று பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

கீபோர்டிலிருந்து கணினிக்குப் போகும் கம்பியில் ஓடுவது ஓசை அல்ல. அது வெறும் செய்தி. இதற்கு மிடி என்று பெயர். 'மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ்' என்பதன் சுருக்கம் அது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இக்குதாரோ காக்கேஹாஷி ஆகியோரின் முயற்சியால், 1983 ஜனவரியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கம்பியில் பேசிக்கொண்டன. அந்த முயற்சிக்காக இருவருக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. தமிழ்த் திரையிசையில் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கணினி இசையைக் கையாண்டார். அன்று பெரிய கலையகங்களில் மட்டும் இருந்த வசதி, இன்று நம் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது.

தோட்டத்துக் காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். கிராணி எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த எண்ணுக்கு உரியவர் மட்டுமே பதில் கொடுப்பார். மிடியிலும் அப்படித்தான், 16 சேனல்கள் உண்டு. கீபோர்டில் நடு 'சி' கட்டையை அழுத்தினால் 144, 60, 100 என்பது போல மூன்று எண்கள் போகும். 144 என்றால் 'முதல் சேனல், சுரத்தைத் தொடங்கு'. 60 என்பது நடு 'சி'. 100 என்பது அழுத்திய வேகம். விரலை எடுத்தால் 128 என்று தொடங்கும் செய்தி போகும், அல்லது அதே 144 வேகம் சுழியத்தோடு போகும். இரண்டுக்கும் 'நிறுத்து' என்றுதான் பொருள்.

இந்த எண்களைக் கண்ணால் பார்க்க இலவச மென்பொருள்கள் உள்ளன. விண்டோஸில் 'மிடி-ஆக்ஸ்', மேக்கில் 'மிடி மானிட்டர்', லினக்ஸில் 'ஏசெக்டம்ப்'. முதலில் பதிவு மென்பொருளை மூடிவிட்டு, இதைத் திறந்து, உங்கள் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு கட்டையை அழுத்துங்கள். திரையில் வரி ஓடுகிறதா?

வரியே வரவில்லை என்றால் கோளாறு கம்பியிலோ கணினியின் இணைப்பிலோ இருக்கலாம். யூஎஸ்பி கேபிள்களில் மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படுபவை உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் செய்தி போகாது. ஐந்து ஊசி கொண்ட பழைய கேபிள் என்றால், கீபோர்டின் 'அவுட்' கணினி இணைப்பின் 'இன்'னுக்குப் போக வேண்டும். ஐயமிருந்தால் மாற்றிச் செருகிப் பாருங்கள். விண்டோஸில் ஒரு மென்பொருள் கீபோர்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதற்கு அது கிடைக்காமல் போகலாம். அதனால்தான் பதிவு மென்பொருளை மூடச் சொன்னேன். சோதனை முடிந்ததும் மிடி-ஆக்ஸையும் மூட மறக்காதீர்கள்.

வரி வருகிறது, சத்தம்தான் இல்லை என்றால் மகிழுங்கள். கீபோர்டும் கேபிளும் நலம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பதிவு மென்பொருளில் கீபோர்டு தேர்வாகியிருக்கிறதா, டிராக்கில் வாத்தியம் ஏற்றப்பட்டிருக்கிறதா, ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது, சேனல் எண் பொருந்துகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். என் வீட்டில் நடந்தது கடைசியாகச் சொன்னதுதான். திரையில் 144க்குப் பதில் 147 என்று வந்தது. கீபோர்டு நான்காம் சேனலில் பேசியது; டிராக்கோ முதல் சேனலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரட்டில் வேறு எண்ணைக் கூப்பிட்டால் யார் பதில் சொல்வார்? ஓர் எண்ணை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால், 'நிறுத்து' செய்தி வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மென்பொருளில் உள்ள 'பேனிக்' பொத்தானை அழுத்துங்கள். வந்தும் நிற்கவில்லை என்றால் கால் பெடலைச் சந்தேகியுங்கள். பெடலின் எண் 64. அதன் மதிப்பு 63 வரை இருந்தால் பெடல் விட்டது, 64 அல்லது அதற்கு மேல் போனால் மிதித்தது. காலை எடுத்தபோது 127 என்று வந்தால் பெடல் தலைகீழாக வேலை செய்கிறது. பல கீபோர்டுகள் மின்சாரம் போடும் நேரத்தில்தான் பெடலை அடையாளம் காணும். ஆகவே பெடலை மிதிக்காமல் அணைத்துப் போட்டாலே போதும்.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை ஒலிக்கிறதா? கீபோர்டு தன் சொந்த ஓசையையும் எழுப்பி, கணினி திருப்பி அனுப்பும் செய்தியையும் வாசிக்கிறது. கீபோர்டின் அமைப்பில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணைத்துவிடுங்கள்.

சத்தம் தாமதமாக வந்தால் மிடியைக் குறை சொல்லாதீர்கள். பழைய ஐந்து ஊசிக் கம்பியில்கூட ஒரு சுரத்தின் செய்தி ஒரு மில்லி நொடிக்குள் போய்விடும். தாமதம் பெரும்பாலும் ஒலிப்பகுதியின் 'பஃபர்' அளவால் வருகிறது. 1024 என்றால் ஏறக்குறைய 23 மில்லி நொடி. 256 என்றால் சுமார் 6 மில்லி நொடி.

நம் இசைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கமகத்துக்காகச் சக்கரத்தைத் திருப்பினால் சுருதி எங்கோ ஓடுகிறதா? சக்கரம் எவ்வளவு திரும்பியது என்பதை மட்டுமே கீபோர்டு சொல்கிறது. அது எத்தனை சுரம் தாண்ட வேண்டும் என்பதைக் கணினியிலுள்ள வாத்தியம் முடிவு செய்கிறது. வழக்கமாக அது இரண்டு அரைச்சுரம். வாத்தியத்தில் 12 என்று வைத்திருந்தால் கமகம் கலைந்துவிடும்.

கட்டையைத் தொடாதபோதும் 254, 248 என்று வரிகள் ஓடினால் பயப்பட வேண்டாம். முன்னது 'நான் இருக்கிறேன்' என்ற குரல். பின்னது தாளக் கடிகாரத்தின் துடிப்பு. வடிகட்டிவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பெரியவர்களைப் பாட அழைக்கும் முன், முந்திய நாளே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அப்படியும் கீபோர்டு மக்கர் செய்தால், அதை ஒதுக்கி வைத்துவிட்டு மைக்கை மட்டும் நீட்டுங்கள். பக்க வாத்தியத்தை எந்த நாளிலும் சேர்த்துக்கொள்ளலாம். குரலை அப்படிச் சேர்க்க முடியாது. அன்று எனக்கு இது தோன்றாமல் போனதில் இன்னும் வருத்தம் உண்டு. என் அத்தை மறுவாரம் வந்தார், முழுத் தாலாட்டையும் பாடிக் கொடுத்தார். எல்லா வீட்டிலும் அந்த மறுவாரம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் பாட்டுத் தெரிந்த பெரியவர் இருந்தால், இந்த வாரமே உட்கார வையுங்கள்.