காரின் மின்சாரக் கைப்பிரேக்

மாட்டு வண்டி ஓட்டிய நம் முன்னோர், மேட்டில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்தின் அடியில் ஒரு முட்டுக்கட்டை இடுவது வழக்கம். மோட்டார் கார் வந்த பின்னர் அந்தக் கட்டையின் வேலையைக் கைப்பிரேக் ஏற்றுக்கொண்டது. ஓட்டுநர் கோலை இழுப்பார், கம்பிவடம் இறுகும், பின்சக்கரங்கள் பிடிபட்டு நிற்கும். இன்றோ பல கார்களில் அந்தக் கோலைக் காணோம். அதன் இடத்தில் ஒரு சிறு பொத்தான் மட்டுமே இருக்கிறது. 2001இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ 7 வரிசை போன்ற உயர்விலைக் கார்களில் தோன்றிய இம்முறை, 2020இல் வந்த ஹூண்டாய் கிரெட்டா போன்ற நடுத்தரக் கார்களுக்கும் நம் நாட்டில் வந்துவிட்டது.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் திருப்பதிக்குச் செல்லும் வழியை எண்ணிப் பாருங்கள். முள்பாகல், பலமனேர் கடந்து, மொகிலி மலைச்சரிவில் இறங்கிச் சித்தூரை அடைந்து, அங்கிருந்து புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதியை நோக்கிச் செல்ல வேண்டும். அதன் பின்னர் திருமலையின் மலைப்பாதைகள். 1944இல் திறக்கப்பட்ட பழைய பாதை இப்போது இறங்குவதற்கும், 1974இல் அமைந்த புதிய பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. இத்தகைய சரிவுகளில் நின்ற கார் நின்றபடியே இருக்க வேண்டும் என்பது உயிர் தொடர்பான செய்தி. ஆகவே, புத்தலப்பட்டைப் போன்ற சிற்றூரில், பெரிய பணிமனைக்குச் சித்தூருக்கோ திருப்பதிக்கோ போக வேண்டிய நிலையில், இக்கருவியை வீட்டிலேயே கழற்ற நினைப்பவர் அதன் இயல்பை முதலில் அறிய வேண்டும்.

பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தின் பிரேக் காலிப்பர் மீதே ஒரு சிறு மின்மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். இதற்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். பொத்தானை இழுத்தால் மோட்டார் சுழலும். பற்சக்கரங்கள் அச்சுழற்சியின் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும். அவ்விசை காலிப்பரின் உள்ளே இருக்கும் மரையாணியைத் திருப்ப, அதன் மீதுள்ள நட்டு முன்னே நகர்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிரேக் கட்டைகள் தட்டை இறுகப் பற்றும். மரை தானாகப் பின்னோக்கிச் சுழலாது. ஆதலால் மின்சாரம் நின்றாலும் பிடி தளராது. இது நன்மை. ஆனால் பாட்டரி செத்துவிட்டால் பிடியை விடுவிக்கவும் இயலாது. இது அதன் மறுபக்கம்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. பிடி விடவில்லை என்றவுடன் ஆக்சுவேட்டரைக் குறை கூறுதல் தகாது. பாட்டரியில் போதிய மின்னழுத்தம் உண்டா, பியூஸ் எரிந்ததா, சக்கரத்தின் அருகே கம்பி அறுந்ததா என்று பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தும்போது இரு பின்சக்கரங்களிலும் மோட்டாரின் முனகல் கேட்கிறதா என்பதை ஒருவர் வெளியே நின்று கவனிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் ஓசையின்றி இருந்து, அங்கே செருகியில் மின்சாரம் வருவது மீட்டரால் உறுதிப்பட்டால், அப்போது ஆக்சுவேட்டரை ஐயுறலாம்.

இனிக் கழற்றும் முறை. காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இடுங்கள். கியரை மட்டும் நம்பி விடாதீர்கள். பின்சக்கரங்களால் இயங்கும் காரில், அச்சக்கரங்களைத் தூக்கியதும் கியரின் பிடி பயனற்றதாகிவிடும். அடுத்து, ஸ்கேனர் என்னும் கருவியை இணைத்துப் பின்பிரேக்கைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டு வர வேண்டும். சில கார்களில் பெடலையும் பொத்தானையும் குறித்த முறையில் அழுத்தியே இந்நிலையை அடையலாம். அம்முறை காரின் கையேட்டில் இருக்கும். மெக்கானிக்கிடம் தெலுங்கில் பேசினாலும் தமிழில் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது இந்த ஒன்றே. இந்நிலையில்தான் உள்ளே இருக்கும் நட்டு பின்னே வரும். அதைச் செய்யாமல் பிஸ்டனை வலிந்து தள்ளுவோர் காலிப்பரையே பாழாக்குவர்.

பின்னர் இக்னிஷனை நிறுத்திச் சாவியைத் தொலைவில் வைத்து, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். மோட்டார் எதிர்பாராமல் சுழன்றால் விரல் நசுங்கும். காரை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மீது இருத்திய பின்னரே சக்கரத்தை எடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே கை வைத்தல் ஆகாது. மின்செருகியின் பூட்டை விடுவித்து அதை இழுங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்கள் பெரும்பாலும் இரண்டே. அவற்றை எடுத்து, மோட்டாரைச் சிறிது அசைத்து நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். பெரும்பாலானவற்றில் பிரேக் எண்ணெய் வழிகள் திறக்கப்படுவதில்லை. ஆகவே காற்று புகும் அச்சமும் இல்லை.

மோட்டார் செத்துப் பிடி இறுகிய நிலையில் நின்ற காருக்கும் வழியுண்டு. மோட்டாரைக் கழற்றியதும் மரையாணியின் தலை தெரியும். அதற்குரிய சாவியால் கையேடு கூறும் திசையில் மெல்லத் திருப்பினால் பிடி விடும். பிடி விட்டதும் கார் உருளும் என்பதை மறக்கலாகாது. முட்டுக்கட்டை காக்கும் நேரம் அதுவே. பிடி விடுபடாத காரைப் பின்சக்கரங்கள் தரையில் உராய இழுத்துச் செல்லாமல், தட்டு வண்டியில் ஏற்றிச் செல்வதே முறை.

பொருத்தும்போது பழைய ரப்பர் வளையத்தை நீக்கிப் புதியதை இடுங்கள். நீரும் தூசும் புகுந்தால் புதிய மோட்டாரும் விரைவில் கெடும். பற்கள் பொருந்தி உட்கார்ந்த பின்னரே போல்ட்களைக் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். போல்ட்டை இறுக்கி மோட்டாரை உள்ளே இழுக்க முயன்றால் அதன் உறை விரிசல் காணும். காலிப்பரும் கட்டைகளும் தத்தம் இடத்தில் இருக்கும்போதே பாட்டரியை இணைத்துப் பராமரிப்பு நிலையை நீக்க வேண்டும். பெடலைப் பலமுறை மிதித்து அது உறுதிப்பட்டதைக் காணுங்கள். கைப்பிரேக்கைச் சிலமுறை இட்டு விடுத்து, முதலில் சமதளத்திலும், பின்னர் மென்சரிவிலும் சோதியுங்கள்.

மோட்டாரைக் கழற்றுவது எளிய வேலையே. கழற்றுமுன் நட்டைப் பின்வாங்கச் செய்வதும், பொருத்திய பின் ஒழுங்கு செய்து சோதிப்பதுமே கடினமானவை. அவ்விரண்டுக்கும் உரிய கருவி கையில் இல்லாதவர் பணிமனையை நாடுவதே அறிவுடைமை. கருவி உள்ளவரும், சோதனையில் சிறு ஐயம் எழுந்தாலும், அந்தக் காரை மலைப்பாதைக்குக் கொண்டு செல்லலாகாது.