கறியையே கரைக்கும் வயிறு, பெப்டைடு மாத்திரையை மட்டும் விட்டுவைக்குமா?

நியாயமான சந்தேகம்தான். பெப்டைடு என்பது குட்டிப் புரதம். ஆட்டுக்கறியையும் கொண்டைக்கடலையையும் பிய்த்துப்போடும் வயிறு, இதனிடம் மட்டும் ஏன் கருணை காட்டப்போகிறது?

ஒரு பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூக்கள்தான் அமினோ அமிலங்கள். செரிமான நொதிகள் கத்தரிக்கோல்கள். சரம் உள்ளே போனதுமே நறுக், நறுக்!

குடல் புண்ணுக்கென்று அதிகம் பேசப்படும் பிபிசி-157-ஐப் பாருங்கள். 15 பூக்கள் கொண்ட சரம். அதில் 4 பூக்கள் புரோலின். 3 அடுத்தடுத்து நிற்கின்றன. புரோலின் மடங்கி முறுக்கிக்கொண்ட பூ. அதன் பக்கத்தில் கத்தரியின் வாய் சரியாக நுழையாது. வெட்டு தாமதமாகும்.

சரி, தப்பித்துவிட்டது. அப்புறம்?

ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்ற வேண்டியதுகூட இல்லை. புண் இருப்பது மாத்திரை போகும் வழியில்தானே! குடலின் உள்விளிம்பில் இருப்பது ஒரே ஒரு செல் வரிசை. சில நாட்களுக்கொரு முறை தன்னையே புதுப்பித்துக்கொள்ளும். புண்ணுக்குப் புது ரத்த நாளங்கள் முளைக்க இந்தப் பெப்டைடு உதவியதாக, குரோஷியாவின் ஸாக்ரெப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எலிகளில்! விளம்பரங்கள் விழுங்கிவிடும் சொல் இதுதான். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சொற்பம். புது ரத்த நாளம் புண்ணை ஆற்றும், சரி. உள்ளே புற்றுக்கட்டி ஒளிந்திருந்தால் அதற்கும் தீனி போடாதா என்ற கவலையும் மருத்துவர்களுக்கு உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022-லேயே இந்தப் பெப்டைடை விளையாட்டு வீரர்களுக்கான தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.