வீட்டுக் கணனியும் கடைக் கணக்கும்

நம்மில் பலர் கடைக் கணக்கை இரவில் வீட்டுக் கணனியில்தான் பதிகிறோம். பகலில் பிள்ளைகள் படிப்பதும் விளையாடுவதும் அதே கணனியில். என் வீட்டிலும் அப்படித்தான். கடைக்கும் வீட்டுக்குமாக நான் கணக்கைக் கொண்டு திரிந்த பென் டிரைவை, பாடசாலை ஒப்படை ஒன்றை அச்சிட மகன் வெளியே கொண்டுபோனான். மறுநாள் பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் சிறு அம்புக்குறியோடு நின்றன. எதுவும் திறக்கவில்லை. எல்லாம் போய்விட்டதென்று பதறி, பென் டிரைவை போர்மட் செய்து வேறு கோப்புகளையும் அதில் ஏற்றிவிட்டேன்.

விஷயம் தெரிந்த ஒருவர் பின்னர்தான் சொன்னார்: அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து மட்டுமே வைக்கும். அழித்தது நான்தான்! மூன்று மாதக் கடன் பட்டியல் அதில் இருந்தது. சில வாடிக்கையாளர்கள் தாமாகவே வந்து பாக்கியைச் சொன்னார்கள். சொல்லாதவர்களிடம் கேட்க என் கையில் ஒன்றுமில்லை.

வைரஸ் என்பது நாம் ஒரு கோப்பைத் திறந்தால்தான் வேலையைத் தொடங்கும். 2000 மே மாதம் உலகைக் கலக்கிய ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சலோடு வந்த கோப்பு, வெறும் எழுத்துக் கோப்புப் போலத் தோன்றியது. பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துக் காட்டியதால் பலர் ஏமாந்தனர். இன்றும் ‘இன்வொய்ஸ்’ என்ற பெயரில் வருபவற்றில் இதே தந்திரம் உண்டு. கோப்புப் பெயரை முழுமையாகக் காட்டும்படி விண்டோஸில் மாற்றிவையுங்கள். ‘பிடிஎப்’ என்ற எழுத்துக்குப் பின்னால் ‘எக்ஸ்ஈ’ என்று இருந்தால் தொடவே வேண்டாம்.

புழு வேறு ரகம். அதற்கு நம் உதவி தேவையில்லை. விண்டோஸில் உள்ள ஓட்டை வழியாக ஒரு கணனியிலிருந்து அடுத்ததற்குத் தானே போய்விடும். 2017 மே 12ஆம் திகதி பரவிய ‘வன்னகிரை’ கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டொலர் கேட்டது. பிரித்தானிய வைத்தியசாலைகள் கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ள இரண்டு மாதம் இருந்தது! 2003இல் பரவிய ‘பிளாஸ்டர்’ புழுவின் கதையும் இதேதான்.

நம்மவர்கள் அப்டேட்டை நிறுத்தி வைப்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். டேட்டா முடிந்துவிடும் என்பது ஒன்று. கள்ள விண்டோஸ் மாட்டிக்கொள்ளும் என்பது மற்றது. கள்ள மென்பொருளைத் திறக்கத் தரப்படும் ‘கிராக்’கிலேயே வைரஸ் ஒளிந்து வருவதுண்டு. அதற்காக வைரஸ் தடுப்பையும் நிறுத்தச் சொல்வார்கள். கள்ளனே வந்து நாயைக் கட்டிவைக்கச் சொல்வது போல.

விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பழைய கணனி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸோடு வரும் டிபெண்டர் சாதாரண வீட்டுப் பாவனைக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். அது இயங்குகிறதா, அப்டேட் ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு, புதிய மென்பொருள் ஏற்ற அதிகாரமில்லாத தனிக் கணக்கொன்றைத் திறந்து கொடுங்கள். நான் இதைச் செய்தபோது மகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் கணக்கை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து, உடனே கழற்றி அலுமாரியில் வைக்கிறேன். கழற்றாமல் விட்டால் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியில் ஒரு கோப்பைத் திறந்தும் பார்க்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது புகுந்துவிட்டால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வன்தட்டையோ பென் டிரைவையோ செருக வேண்டாம். தெரிந்த ஒருவரிடம் காட்டும்வரை போர்மட் பொத்தானில் கை வைக்காதீர்கள்.