99 சதவீதம் எதைச் சொல்கிறது?

பெப்டைடு குப்பியோடு வரும் சான்றிதழில் ஆய்வாளரின் கண் முதலில் போய் நிற்பது தூய்மைச் சதவீதத்தில்தான். 98, 99 என்று பார்த்ததும் மனம் சமாதானமாகிவிடுகிறது. அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்கான பதில். அந்த எண்ணைத் தரும் எச்.பி.எல்.சி. கருவி கரைசலில் உள்ளவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிறது. தண்ணீர் அந்த ஒளியை உறிஞ்சாது. தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட டிரைஃபுளூரோஅசிட்டிக் அமில உப்பும் கணக்கில் சேர்வதில்லை. அதனால் 99 சதவீதம் என்று சொல்லப்படும் 10 மில்லிகிராம் தூளில், உண்மையான பெப்டைடு 7 மில்லிகிராமாகவும் இருக்கலாம். அதை அறிய அமினோ அமிலப் பகுப்பாய்வு வேண்டும்.

சரி, மிச்சமுள்ள ஒரு சதவீதம்தானே என்று விட்டுவிடலாமா? வேதியியலாளர் மெரிஃபீல்டு 1963-இல் வெளியிட்ட பெப்டைடு தயாரிப்பு முறையில் அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாகக் கோக்கப்படுகின்றன. 30 அமினோ அமிலங்களுக்கு 29 இணைப்புகள். ஒவ்வொன்றும் 99 சதவீதம் வெற்றி பெற்றாலும் நூற்றில் ஏறக்குறைய 75 சங்கிலிகளே முழுமை பெறும். மற்றவை குறைச் சங்கிலிகள். சுத்திகரிப்பு இவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆனால் வேறொரு பெப்டைடே வந்து கலந்துவிட்டால்? 2008-இல் வெளியான ஓர் ஆய்வு அதைத்தான் காட்டியது. எச்.ஐ.வி. பெப்டைடு ஒன்றுக்கு, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் பலமாக எதிர்வினை காட்டின. தடுப்பூசி ஆய்வில் இப்படியொரு முடிவு எவ்வளவு நம்பிக்கை தரும்! ஆராய்ந்து பார்த்தபோது, அந்தச் செல்கள் எதிர்த்தது எச்.ஐ.வி.யை அல்ல, அந்தப் பெப்டைடில் எடையளவில் சுமார் ஒரு சதவீதம் கலந்திருந்த சைட்டோமெகாலோ வைரஸ் பெப்டைடை. டி செல்லுக்கு அந்த ஒரு சதவீதமே தாராளம்.

நிறை நிறமாலைமானியும் சேர்த்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அது அவசியம்தான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. லூசினும் ஐசோலூசினும் ஒரே நிறை கொண்டவை. ஒன்றின் இடத்தில் மற்றது இருந்தால் மொத்த நிறையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினை இந்த வழக்கமான சோதனைகள் காட்டிக்கொடுப்பதில்லை. அதற்குக் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு தனிச் சோதனை இருக்கிறது. இத்தனைக்கும் செலவு செய்ய முடியுமா என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றுக்கும் எல்லாச் சோதனையும் தேவையில்லை. முயலில் எதிர்ப்பொருள் உண்டாக்க 80 சதவீதமே பெரும்பாலும் போதும். செல்களில் சோதிப்பவருக்கோ எண்டோடாக்சின் அளவு தெரியாமல் தீராது. பயனைப் பார்த்துச் சோதனையைத் தேர்ந்தெடுத்தால் செலவு கட்டுக்குள் நிற்கும். ஒரு தவறான முடிவின் பின்னால் ஆண்டுக்கணக்கில் ஓடுவதைவிட அது மலிவு.

ஆய்வாளர்களே, அடுத்த குப்பி வரும்போது சதவீதத்தோடு நிற்காதீர்கள். அந்தத் தொகுதிக்கே எடுத்த எச்.பி.எல்.சி. வரைபடத்தையும், நிறை அளவையும், தூளில் உண்மையான பெப்டைடு எவ்வளவு என்று சொல்லும் நிகர பெப்டைடு அளவையும் கேட்டு வாங்குங்கள். 'ஆய்வுக்கு மட்டும்' என்று ஒட்டிய குப்பியை உடம்பில் ஏற்றிக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தூய்மைச் சதவீதம் என்பது கிருமி நீக்கியதற்கான சான்று அல்ல.